மேலே ஓர் அங்குலம், கீழே நாலு அங்குலம்

“ஏனுங்ணா, கரண்டு போச்சுன்னா மேல இருக்கற தண்ணியெல்லாம் எங்க போகும்?”

யாழினி கேட்டது இவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் கேட்கக் கூடாத கேள்வியா இது? ஆனால் அவள் அண்ணன் நித்தீஷுக்கு முகம் சுருங்கிப்போனது.

அவனையும் குறை சொல்ல முடியாது. அன்று மாலை அவனுடைய கடல் தொட்டியைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூட அவன் இவ்வளவு ஆசையாக யாருக்கும் விளக்கியதில்லை. நடுவில் தங்கை புகுந்து இப்படிக் கேட்டால் எரிச்சல் வராதா?

தொட்டி அழகுதான். நாலடி நீளம், இரண்டடி அகலம். உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், ஆடி அசையும் பவளங்கள். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். அவற்றுக்குப் பட்டன், ஜிப்பு என்று பெயர் வைத்தவள் யாழினி. பனியன் கம்பெனிக்காரர் வீட்டு மீன்களுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

மேல் தொட்டியின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போல ஒரு தடுப்பு இருந்தது. அதன் மேல் வழியும் தண்ணீர், அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு இறங்கும். அந்தச் சின்னத் தொட்டிக்குச் சம்ப் என்று பெயர். அங்கே ஸ்கிம்மர் என்ற கருவி நுரையைக் கிளப்பி அழுக்கை எடுக்கும். பிறகு ஒரு பம்பு அந்தத் தண்ணீரை மெத்தென்ற பிளாஸ்டிக் குழாய் வழியாக மறுபடி மேலே தள்ளும். இரவும் பகலும் இதே வேலை.

“வாசல்ல ஒரு சம்ப் இருக்குது. பத்தாதுன்னு அலமாரிக்குள்ள இன்னொண்ணு” என்று அம்மா முதல் நாளே சலித்துக்கொண்டார்.

நித்தீஷ் தங்கையின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான்.

“கரண்டு எதுக்குக் கண்ணு போகுது? கீழ நம்ம ஜெனரேட்டர் சும்மாவா நிக்குது?”

எல்லோரும் சிரித்தார்கள். யாழினிக்குக் காது சூடானது.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கீழ்த்தளத்தில் அப்பா தரணீதரனின் யூனிட். பனியன்களைச் சரிபார்த்து, மடித்து, பெட்டி போட்டு அனுப்பும் இடம். மாடியில் வீடு. தெருவே இருட்டானாலும், கீழே ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்த உடனே இவர்கள் வீட்டிலும் எல்லாம் ஓடும். கரண்டு போவது என்பது அடுத்தவர் வீட்டு விஷயம் என்றுதான் அந்தக் குடும்பமே நினைத்திருந்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். ஜெனரேட்டர் ஒயர் கீழிருந்து மேலே வருவதற்காகப் போட்ட ஓட்டை அது. அதற்கு நேர் கீழேதான், மறுநாள் சாயங்காலம் லாரி ஏற வேண்டிய குழந்தைகள் டி-சர்ட்டுகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன.

“நித்தீசு, முன்னாடியே சொன்னதுதான். உப்புத் தண்ணி கீழ எறங்கிச் சரக்கு மேல பட்டுச்சுன்னா, அன்னைக்கே இந்தத் தொட்டி ஊட்ட உட்டுப் போயிரும். மீனு, பாறை எல்லாத்தையும் ஆருக்காச்சும் குடுத்துருவேன். அப்பறம் அழுது பிரயோசனமில்ல சாமி.”

அப்பா கத்திப் பேசுகிறவர் இல்லை. மெதுவாகச் சொல்வார். மெதுவாகச் சொன்ன எதையும் அவர் மாற்றியதாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் காலாண்டு விடுமுறை. கூடவே மாதம் ஒரு முறை வரும் ஷட்டவுன் நாள். கம்பிகளைப் பழுது பார்க்க, காலை ஒன்பது மணிக்கு ஊர் முழுவதும் கரண்டை நிறுத்திவிடுவார்கள். சாயங்காலம்தான் திரும்ப வரும். மோட்டார் ஓடாது என்பதால், விடிந்ததிலிருந்து எல்லா வீடுகளிலும் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். யாழினியின் அம்மாவும் குடம், வாளி, அண்டா எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, அடுத்த தெருவில் ஒரு சீமந்தத்துக்குப் புறப்பட்டார்.

“நாகஜோதி வருவா. ரெண்டு பேரும் ஊட்டுக்குள்ளயே இருங்க. நான் சித்த நேரத்துல வந்தர்றேன்.”

நித்தீஷ் அதற்கு முன்பே டியூஷனுக்குப் போயிருந்தான். அப்பா யூனிட்டைப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

“ஏனுங்கப்பா, இன்னைக்கு யூனிட்டு லீவா?” என்று மாடியிலிருந்தே கேட்டாள் யாழினி.

“ஷட்டவுன் அன்னைக்கு எப்பவும் லீவுதானே கண்ணு. நாள் முச்சூடும் டீசல் ஊத்தி ஓட்டுனா கட்டுபடியாகுமா?”

வண்டி தெரு முனையில் திரும்பிய பிறகுதான் யாழினிக்கு அந்தப் பதில் உறைத்தது. யூனிட்டுக்கு லீவு. அப்படியானால் ஜெனரேட்டருக்கும் லீவு.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு வரும் முதல் ஷட்டவுன் இதுதான்.

நாகஜோதி படியேறி வந்தபோது, யாழினி ஹாலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாகஜோதி அவளுடைய வகுப்புத் தோழி. அவளுடைய அம்மா, அப்பா இருவருக்கும் கீழே யூனிட்டில்தான் வேலை. விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து, வேலம்பாளையத்தில் குடியிருந்தார்கள்.

“என்னடி, காசைத் தொலைச்சிட்டியா? தரையையே பாக்குற?”

“டைல்ஸ் எண்றேன் புள்ள. ஒவ்வொண்ணும் ஒரடி. மேல் தொட்டி எத்தனை டைல்ஸ மறைக்குது பாரு. எட்டு. கீழ இருக்கற சம்ப் ரெண்டே ரெண்டுதான்.”

“அதுக்கு?”

“மேல ஓர் அங்குலம் தண்ணி எறங்குனா, கீழ நாலு அங்குலம் ஏறும்.”

இருவரும் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தார்கள். நித்தீஷ் முதலில் பெரிய ஸ்கிம்மரை வாங்கிவிட்டான். பிறகு விளக்குப் பெட்டி, டைமர், ஒயர்கள் என்று ஒவ்வொன்றாக அலமாரிக்குள் அடுக்கினான். மிச்சம் இருந்த இடத்துக்கு ஏற்றபடி கடைசியாகச் சம்ப் செய்யச் சொன்னான். ஸ்கிம்மர் வேலை செய்ய ஆழம் வேண்டும் என்பதால், அதில் தண்ணீரையும் மேலே வரை நிரப்பியிருந்தான். விளிம்புக்குக் கீழே மூன்று விரல் இடம்தான் காலியாக இருந்தது.

“மூணு விரலுக்குள்ள நாலு அங்குலம் எப்படிடி நிக்கும்?” என்றாள் நாகஜோதி.

நிற்காது. யாழினி அண்ணனுக்குப் போன் செய்தாள். டியூஷனில் போனை அணைத்து வைத்திருந்தான். அப்பா எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார். அம்மா எடுத்தார், ஆனால் சீமந்த வீட்டு மேளச் சத்தத்தில், “என்ன கண்ணு? சோறு டப்பாவுல இருக்குது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சுவர்க் கடிகாரம் எட்டரையைத் தாண்டியிருந்தது.

“கரண்டு தானாப் போற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நாமளே ஒருக்கா நிறுத்திப் பாக்கலாம். ஆகலீன்னா உடனே போட்டுரலாம்” என்றாள் யாழினி.

பம்பின் சுவிட்சை அணைத்தாள்.

மேல் தொட்டியில் தண்ணீர் இறங்கியது. கீழே சம்ப்பில் ஏறியது. மேலே சீப்புப் பற்கள் வெளியே தெரிந்தன. அத்தோடு வழிவது நின்றுவிட வேண்டும். ஆனால் கீழே தண்ணீர் ஏறுவது நிற்கவில்லை.

“ஏய், இன்னும் வருதுடி!” என்றாள் நாகஜோதி.

“எங்கிருந்து வருது?”

யாழினி மேல் தொட்டியை உற்றுப் பார்த்தாள். மிதந்துகொண்டிருந்த மீன் தீவனத் துணுக்கு ஒன்று, பம்புக் குழாயின் வாயை நோக்கி நகர்ந்து உள்ளே போனது. தண்ணீரைத் துப்ப வேண்டிய குழாய் இப்போது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது! அதன் வாய் தண்ணீருக்குள் நன்றாக ஆழத்தில் இருந்தது. அந்த வாய் வெளியே தெரியும் வரை அது உறிஞ்சும். அதற்குள் சம்ப் நிரம்பி, ஹால் நிரம்பி, ஓட்டை வழியாக எல்லாம் பெட்டிகள் மேல் கொட்டிவிடும்.

“சுவிட்சப் போடு! வெரசா!”

யாழினி போட்டாள். பம்பு உறுமியது. விளிம்பைத் தொட வந்த தண்ணீர் மெல்லப் பின்வாங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

“கீழ போயி பெட்டிகளத் தள்ளி வச்சிரலாமா?” என்றாள் நாகஜோதி.

“பூட்டியிருக்குது. சாவி அப்பாகிட்ட.”

“அப்ப சம்ப்புத் தண்ணிய மொண்டு வெளிய எடுத்துருவோம்.”

நல்ல யோசனைதான். ஆனால் எதில் ஊற்றுவது? குடம் நிறைந்திருந்தது. வாளி நிறைந்திருந்தது. அண்டா நிறைந்திருந்தது. அவற்றைக் கொட்டிவிட்டால் அம்மா சும்மா விடமாட்டார். அது மட்டுமா? எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிய பாத்திரங்கள். சோப்பு பட்ட தண்ணீர் மீன்களுக்கு ஆகாது.

நாகஜோதி ஜன்னல் வழியாகக் கீழே காட்டினாள். “அந்தா, அங்கிட்டு ஒரு நீல டிரம்மு சும்மாதான கிடக்கு?”

“ஐயோ, அது சாயப்பட்டறை டிரம்மு புள்ள. அதுல ஊத்துன தண்ணிய மறுபடி தொட்டிக்குள்ள உட்டா, பட்டனும் ஜிப்பும் அத்தோட சரி.”

நாகஜோதி உதட்டைக் கடித்தாள். பிறகு விறுவிறுவென்று படிக்கட்டுப் பக்கம் ஓடினாள். அங்கே காலி அட்டைப்பெட்டிகளும் புது பாலிதீன் கவர்க் கட்டுகளும் கிடந்தன. ஒரு பெட்டியையும் கொத்தாகச் சில கவர்களையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

“பெட்டிக்குள்ள கவரை விரிச்சிட்டா அதுவே அண்டாதான!”

கவரை விரித்தார்கள். நித்தீஷ் தண்ணீர் மொள்வதற்கென்றே நீண்ட பிடி போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வைத்திருந்தான். கரண்டு ஓடும்போது வெறும் கையைத் தண்ணீரில் விடக் கூடாது என்பது அவன் தங்கைக்குச் சொன்ன முதல் பாடம். யாழினி ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, அந்தக் குவளையால் மொண்டு பெட்டிக்குள் ஊற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

பெட்டியின் அடியிலிருந்து சின்னதாக ஒரு தண்ணீர்க் கோடு கிளம்பியது. அது நேராக எங்கே போனது தெரியுமா? ஒயர் ஓட்டையை நோக்கித்தான்.

“துணி! துணி!” என்று கத்தினாள் யாழினி.

நாகஜோதி மூலையில் கிடந்த வேஸ்ட் துணி மூட்டையை இழுத்து வந்து ஓட்டையின் மேல் போட்டாள். பனியன் துணி தண்ணீரைக் குடித்தது. ஓட்டைக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. குவளைத் தண்ணீரைத் துணி தாங்கும். தொட்டித் தண்ணீரைத் தாங்குமா?

“புது கவரு எப்புடி ஒழுகுது?” என்று யாழினி கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

நாகஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். “ஆத்தாடி, மறந்தே போச்சு! இது சின்னப்புள்ள சட்டைக் கவரு. இதுல ஓட்டை போட்டுத்தான் வரும். ஏதாச்சும் புள்ள தலையில மாட்டிக்கிட்டா மூச்சு முட்டிரக் கூடாதுல்ல? காத்து உள்ள போகத்தான் இந்த ஓட்டை. எங்கம்மா சொல்லியிருக்கு.”

அவள் பெட்டி முழுவதற்கும் உள்ளே விரிக்கும் பெரிய கவர்களை எடுக்கத் திரும்ப ஓடினாள். அவற்றில் ஓட்டை கிடையாது. யாழினி நகரவில்லை. கவரில் இருந்த அந்தச் சின்ன வட்ட ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்று உள்ளே போக ஓர் ஓட்டை.

ஜூஸ் குடிக்கும் குழலில் கீறல் விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் ஜூஸ் வராது. வெறும் காற்றுதான் வரும். அப்படியென்றால் அந்தப் பம்புக் குழாயிலும் ஓர் ஓட்டை இருந்தால்? தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் ஓட்டை வெளியே தெரியும். காற்று உள்ளே போகும். குழாயால் அதற்கு மேல் உறிஞ்ச முடியாது!

“நாகு, அந்தக் கொழாய்ல ஓட்டை போடோணும்!”

“உங்க அண்ணன் கொன்னுருவாரு.”

“தொட்டி ஊட்ட உட்டுப் போனா அவன் அழுவான் புள்ள. அதுக்கு என்னைத் திட்டுனாப் பரவாயில்ல.”

துணியில் நூல் பிசிறு வெட்டும் சின்னக் கட்டர், திருப்பூரில் எந்த வீட்டிலும் தேட வேண்டியதே இல்லை. டி.வி. அலமாரியிலேயே ஒன்று கிடந்தது. யாழினி அதை நல்ல தண்ணீரில் கழுவி எடுத்தாள்.

ஆனால் குழாயைத் தொட வேண்டும் என்றால் கரண்டை அணைக்க வேண்டும். அணைத்தால் தண்ணீர் ஏறும். அதனால் முதலில் சம்ப்பில் இடம் உண்டாக்க வேண்டும். இருவரும் மாறி மாறி மொண்டார்கள். பெரிய கவர் ஒழுகவில்லை. ஒரு பெட்டி பாதி நிறைந்தது. கனம் தாங்காது என்று இன்னொரு பெட்டியை விரித்தார்கள். கை வலித்தது. கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டே மொண்டார்கள்.

சம்ப்பில் தண்ணீர் குறைந்ததும் பம்பு கரகரவென்று சத்தம் போட்டது.

“போதும், இதுக்கு மேல எடுத்தா பம்பு கெட்டுப் போகும். இப்ப நான் சுவிட்சை…” என்று யாழினி எழுந்தாள்.

மின்விசிறி நின்றது. கரகரச் சத்தம் நின்றது. தொட்டி விளக்கு அணைந்தது. தெருவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின்களும் அடங்கிவிட்டன.

கரண்டு போய்விட்டது. இனி சுவிட்சைப் போட்டு நிறுத்த முடியாது.

யாழினி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

“நாகு, நீ கீழ பாரு! எவ்ளோ எடம் இருக்குதுன்னு சொல்லிட்டே இரு!”

“ஒரு கை அகலம் இருக்கு! பயப்படாம செய்யி!”

யாழினி முழங்கை வரை தண்ணீரில் விட்டாள். குழாய் மெத்தென்று இருந்தது, ஆனால் வழுக்கியது. அதைத் தூக்கிவிடலாம் என்று இழுத்துப் பார்த்தாள். அண்ணன் அசையாதபடி பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கியிருந்தான். எதையும் அரைகுறையாகச் செய்யாத அண்ணன்!

கட்டரை வைத்து அழுத்தினாள். நறுக்கென்று வெட்டு விழுந்தது.

“நின்னுச்சா?”

“இல்லடி! ஏறுது! மூணு விரலு!”

யாழினி பார்த்தாள். வெட்டு தண்ணீருக்குள் ஆழமாக விழுந்திருந்தது. அங்கே காற்று ஏது? தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டி வெட்ட வேண்டும். பட்டனும் ஜிப்பும் ஒரு பாறைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை என்பதால் அழவில்லை.

“ரெண்டு விரலு! யாழினி, ரெண்டு விரலுதான் இருக்கு!”

கட்டரை மேலே நகர்த்தினாள். குழாயும் தண்ணீரின் மேல்மட்டமும் தொடும் இடத்தில் வைத்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுத்தாக அழுத்தினாள்.

சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு கழன்று மிதந்தது.

ஸ்ஸ்ஸர்ர்ர் என்று ஒரு சத்தம். குழாய்க்குள் குமிழிகள் ஓடின. பிறகு குளுக், குளுக் என்று இரண்டு முறை விக்கியது. அவ்வளவுதான்.

“நாகு?”

யாழினி நாற்காலியிலிருந்து குனிந்தாள்.

“நாகு! என்னாச்சு?”

“இரு, கொழாய்ல மிச்சம் இருந்த தண்ணி வருது. ஏறுது… ஏறுது…” நாகஜோதி தரையில் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நின்னுருச்சு! ஒரு விரலு மிச்சம்! நின்னே போச்சுடி!”

யாழினி நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். பிறகு இரண்டு பேரும் காரணமே இல்லாமல் சிரித்தார்கள். நாகஜோதிக்குச் சிரிப்பில் விக்கலே வந்துவிட்டது.

சீமந்தத்திலிருந்து திரும்பிய அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். ஹால் நடுவே அட்டைப்பெட்டிகளில் உப்புத் தண்ணீர். தரை முழுக்கத் துணி. மகள் நாற்காலி மேல் நின்று, தொட்டித் தண்ணீரைக் குவளையில் மொண்டு உயரத்திலிருந்து அதற்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஊடா இது? என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?”

“பம்பு ஓடலீங்கம்மா. இப்படி ஊத்துனா மீனுக்குக் காத்துக் கெடைக்கும்.”

அம்மா முழுக் கதையையும் கேட்டார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, “குடு குவளைய. உன்ற கை வீங்கிப் போச்சு” என்று வாங்கிக்கொண்டார்.

நித்தீஷ் மதியம் வந்தான். வந்ததும் அவன் கண்ணில் பட்டது குழாய்தான்.

“ஆரு வெட்டுனது? எவ்ளோ கஷ்டப்பட்டு இத வாங்குனேன் தெரியுமா? உன்னைய ஆரு இதத் தொடச் சொன்னது?”

யாழினி அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். சம்ப்பில் ஒரு விரல் மட்டும் இடம் இருந்தது. பக்கத்தில் இரண்டு பெட்டிகளில் மொண்டு எடுத்த தண்ணீர்.

நித்தீஷ் சம்ப்பைப் பார்த்தான். பெட்டிகளைப் பார்த்தான். தரை ஓட்டையைப் பார்த்தான். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நேற்று தங்கை கேட்ட கேள்வியும், அதற்குத் தான் சிரித்த சிரிப்பும் இப்போது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நன்றாக வரட்டும்!

பிறகு மெல்லச் சொன்னான். “அப்பாகிட்டச் சொல்லிராத கண்ணு. கீழதான் ஒண்ணும் எறங்கலியே.”

யாழினிக்கும் அதுதான் ஆசை. சொன்னால் அப்பா தொட்டியையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பட்டனும் ஜிப்பும் வேறு யார் வீட்டுக்கோ போய்விடும். ஆனாலும் அவள் இல்லை என்று தலையை அசைத்தாள்.

“அடுத்த மாசமும் ஷட்டவுன் வருமுங்ணா. அன்னைக்கு நான் ஸ்கூல்ல இருப்பேன்.”

“இந்தத் தண்ணியத் திரும்ப ஊத்தாம உட்டர்றேன். போதுமா?”

“தண்ணி கொறைஞ்சா ஸ்கிம்மருக்கு ஆழம் பத்தாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்கு ஆழமும் வேணும், மேல இருந்து எறங்கற தண்ணிக்குக் காலி எடமும் வேணும். ரெண்டும் இந்தச் சின்ன சம்ப்புல ஆகாதுங்ணா.”

நித்தீஷ் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு எழுந்தான்.

சாயங்காலம் அப்பா வந்தார். லாரியும் வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக நனையாமல் ஏறிப் போயின. லாரி போன பிறகு நித்தீஷ் அப்பாவின் எதிரில் போய் நின்றான். யாழினி அவனுக்குப் பின்னால் நின்றாள். நாகஜோதி, இந்த முடிவைப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று கதவோரம் நின்றாள்.

“அப்பா, தப்பு என்னுதுங்க. சம்ப்ப ரொம்பச் சின்னதாப் போட்டுட்டேன். யாழினி மட்டும் இல்லீன்னா சரக்கு பூராவும் நனைஞ்சிருக்கும்.”

அப்பா நேராக மாடிக்கு வந்தார். அதற்குள் கரண்டு வந்திருந்தது. பம்பு ஓடியது. குழாயின் வெட்டு தண்ணீருக்குள் மறைந்திருந்தது. அப்பா எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தானே கையை நீட்டிப் பம்பு சுவிட்சை அணைத்தார்.

மேலே தண்ணீர் இறங்கியது. கீழே ஏறியது. நித்தீஷ் யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டான். சம்ப்பில் இரண்டு விரல் இடம். ஒன்றரை விரல்.

ஸ்ஸ்ஸர்ர்ர். குளுக்.

தண்ணீர் நின்றது. அப்பா குனிந்து, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே தன் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு விரல்.

“இந்தச் சம்ப் ஆகாது. எடுத்துரு” என்றார், மெதுவாக.

யாழினி பட்டனையும் ஜிப்பையும் பார்த்தாள். அப்பா மெதுவாகச் சொன்னால் அவ்வளவுதான்.

“மூணடிக்கோ மூணரையடிக்கோ பெருசாச் செய்யச் சொல்லு” என்று அதே குரலில் தொடர்ந்தார் அப்பா. “ஆசாரியக் கூப்பிட்டு அலமாரிய நான் மாத்தித் தரச் சொல்றேன். அதுவரைக்கும் ஸ்கிம்மர் சும்மா நிக்கட்டும்.”

நாகஜோதிதான் முதலில் குதித்தாள். அப்பா அவளையும் யாழினியையும் பார்த்தார். அவர் கண்களில் என்னவோ மின்னியது. சட்டென்று திரும்பி, “இந்தப் பெட்டித் தண்ணிய ஆரு எடுக்கறது? சாமி, ஒரு கை புடிங்க” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு, நித்தீஷ் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு அலமாரி முன் உட்கார்ந்தான். பழக்க தோஷத்தில் முதலில் ஸ்கிம்மரை அளக்கப் போனான். பாதியில் நிறுத்தினான். டேப்பைத் தங்கையிடம் நீட்டினான்.

“நீ சொல்லு கண்ணு. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?”

யாழினி யோசிக்கவே இல்லை.

“மேல எவ்ளோ எறங்குதுன்னு மொதல்ல அளக்கலாமுங்ணா. அந்தத் தண்ணிக்குக் கீழ எடம் ஒதுக்கோணும். உங்க ஸ்கிம்மரும் ஒயரும் அப்பறந்தான்.”

நித்தீஷ் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.